எடைக் குறைப்பு வகுப்பும் ஊர்ப் பலகாரமும்

"என்னம்மா இது? உங்க கிளாஸ்ல சேர்ந்தப்புறம் பசங்களுக்கு வெயிட் ஏறுது! அடுத்த மாசமும் இதே கதைன்னா மூடிடலாம்" என்றார் பெரிய டாக்டர்.

தொண்ணூறுகளில் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரியில் நான் டயட்டீஷியன். எடை கூடிய பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் மைதானத்தில் ஓட்டம், வீட்டுக்கு டயட் சார்ட். டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி நான் ஆரம்பித்த வகுப்பு அது.

சேதி தெரிந்து என்னைவிடக் கலங்கியவள் ஏழாம் வகுப்பு கலைவாணி. பள்ளியில் கோ-கோ ஆடும்போது இவளை ஓரமாக உட்காரவைத்து, யார் யார் அவுட் என்று ஸ்கோர் எழுதச் சொல்லிவிடுவார்களாம்.

"மூடிடாதீங்க மிஸ். இப்பல்லாம் நிக்காம ஓடறேன். இந்த வாட்டி டீம்ல எடுத்துப்பாங்க மிஸ்."

அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், வியர்க்கிறார்கள், எடை மெஷின் முள் மட்டும் மேலே போகிறது. மெஷின்மேல் சந்தேகப்பட்டு நானே ஏறி நின்றேன். அது காட்டியதை இங்கே எழுதுவதாக இல்லை.

அடுத்த ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளின் பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் ஜமுக்காளம் விரித்து அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாக்காரர்களும் உண்டு. திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு, காரைக்குடி கந்தரப்பம் என்று ஆளாளுக்குத் தங்கள் ஊர்ப் பெருமையைத் தூக்கில் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் பலகாரத்தை வேண்டாம் என்றால் அந்த ஊரையே வேண்டாம் என்றதாக அர்த்தமாம். அதனால் எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றையும் தின்றாக வேண்டும்.

பக்கத்திலிருக்கும் கள்ளிக்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்த கலைவாணியின் அம்மா சரோஜா, மசால்வடையோடு என்னை வரவேற்றார்.

"புள்ள அம்மாந்தூரம் ஓடிட்டு வருது மேடம். மூஞ்சே வாடிப் பூடுச்சி."

"சார்ட் கொடுத்தேனே?"

"அத்த ஊட்ல ஒயுங்கா பாக்கறோம். இது கிரவுண்டு! அல்லாரும் எடுத்துகினு வராங்க, நா மட்டும் கைய வீசிகினு வந்தா எங்க ஊரு மானம் இன்னாவறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கலைவாணி தட்டைத் தள்ளிவிட்டாள். "உங்க ஊரு மானத்துக்கு நான் ஸ்கோர் எழுதணுமா? எனக்கு ஆடணும்மா!" என்று அழுதே விட்டாள். சரோஜா வடையைக் கீழே வைத்தார். கந்தரப்பத் தூக்கும் மெதுவாக மூடிக்கொண்டது.

திட்டிப் பயனில்லை என்று எனக்கும் தெரியும். ஊர்ப் பெருமை அவ்வளவு முக்கியமென்றால் அதையே பிடித்துக்கொள்வோம் என்று, "அடுத்த வாரம் அம்மாக்களுக்கு நடைப் போட்டி. எந்த ஊர் ஜெயிக்குதுன்னு பார்ப்போம். தூக்குல சுண்டல் மட்டும்தான்" என்றேன். மறுவாரம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள் பாருங்கள்! திருநெல்வேலி முந்த, கள்ளிக்குப்பம் விரட்ட, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கூட ஓடினார்கள்.

மாதக் கடைசியில் முள் கொஞ்சம் இறங்கியது. எடை பார்க்கும் வரிசையில் அம்மாக்களும் நிற்பதைக் கண்ட டாக்டர், "வைத்தியம் யாருக்கும்மா?" என்றார். "வீட்டுக்கு சார்" என்றேன். வகுப்பு பிழைத்தது. இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கும் அதையேதான் சொல்வேன். பிள்ளைக்கு மட்டும் சார்ட் எழுதிக் கொடுத்தால் சார்ட்தான் இளைக்கும்.

கலைவாணி ஒன்றும் ஒல்லியாகிவிடவில்லை. ஆனால் டீமில் எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆட்டத்தன்று சாயங்காலம் மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ், மிஸ்! இன்னிக்கு நான் அவுட் ஆயிட்டேன் மிஸ்!"