சக்கரத்துக்கு அடியில் ஒரு பந்தயக் கார்

சின்னக்கானல் பள்ளியில் வேலை பார்த்தபோது நான் தினமும் ஏறிய ஜீப்பின் டிரைவருக்கு வலது காது பாதிதான் இருந்தது. ஸ்டாண்டில் யாராவது வரிசையை முந்தினால் சட்டையைப் பிடித்து அறைந்துவிடுவார். அதே கை, சவாரி இல்லாத நேரத்தில் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் ஓடிய பழைய கார் ஒன்றின் பொம்மை மாதிரிக்கான பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கை நீளச் சிவப்புக் கார். உள்ளே ஹெல்மெட் போட்ட டிரைவர் பொம்மைகூட உண்டு. முடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

ஜீப்புக்குப் புது டயர் மாட்டிய காலையில், எலுமிச்சம்பழம் வைக்க வேண்டிய இடத்தில் அந்தக் காரை வைத்தார்.

"என்னண்ணே, பழம் கிடைக்கலையா?"

"அன்னிக்கும் பழம் வச்சுட்டுத்தான் கெளம்புனேன், டீச்சர். ஏத்துன ஆறு பேரோட வண்டி பள்ளத்துல போச்சு. நான் மட்டுந்தான் ஏறி வந்தேன். பழத்தை நசுக்குனா எனக்கு என்ன வலிக்கப் போகுது?"

ஜீப் ஏறியது. எலும்பு முறிவதுபோலச் சத்தம். பின்னால் எடுத்து மறுபடியும் ஏற்றினார். சிவப்புச் சில்லு ஒன்று தெறித்து என் கணுக்காலைக் கீறியது. ரத்தத்தைத் துடைக்கக் குனிந்தவள், நொறுங்கிய காரில் டிரைவர் பொம்மையைத் தேடினேன். காணவில்லை.

"அவனை முன்னாடியே இறக்கிட்டேன்" என்றார்.

டாஷ்போர்டில் ஐந்து ஹெல்மெட் பொம்மைகள் எப்போதும் ஒட்டியிருக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை. அன்று ஆறாவது பொம்மையின் காலில் பசை இன்னும் காயாமல் இருந்தது.