பத்தொன்பதாம் வாய்ப்பாடும் பச்சை டேக்கும்

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். எலுமிச்சை சாதம் கிளறி டப்பாவில் அடைத்தேன். சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறினேன். ஒரகடத்தில் கேட் லாக்கரில் போனை வைத்து, ஷூ மாற்றி, டிஸ்பாட்ச் பகுதிக்குப் போனேன். அன்று என் சோதனைக் காலத்தின் கடைசி நாள்.

அதற்கு முன் பல வருடம் வாஷிங்கில் இருந்தேன். புஷ் என்கிற எண்ணெய் படிந்த சின்ன இரும்பு வளையங்களைச் சுடுதண்ணீரில் கழுவும் வேலை. ரப்பர் கையுறை போட்டாலும் விரல் இடுக்கு வெடித்துவிடும். சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச்சுக்கு என்னை எடுத்தபோது சூப்பர்வைசர் தினகரன் சார் சொன்னார்: "எண்ணிக்கை தப்பாம இருந்தா இங்கயே இருங்கம்மா. ஒரு தடவ தப்புனாலும் திரும்ப வாஷிங்குதான்."

எனக்குச் சிக்கல் ட்ரேயில்தான். ஒரு ட்ரேயில் இருபது குழி. மூலைக் குழியில் பச்சை டேக் செருகுவோம். மற்றவற்றில் புஷ். ஆக, ட்ரேக்குப் பத்தொன்பது. எனக்கோ வாய்ப்பாடு பள்ளியிலேயே பன்னிரண்டோடு நின்றுவிட்டது. ஸ்கேனர் இருந்ததால் சமாளித்தேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட் ஸ்டெல்லா. மணிமங்கலத்துக்காரி, வாஷிங்கில் என் ஜோடி. என் பயத்தைக் கேட்டு, முந்தின வாரம் கண்ணாடிப் புழுதியில் விரலால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள்: 19, 38, 57, 76, 95.

"பாருடி. முன்னாடி ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போது. பின்னாடி ஒம்போது, எட்டு, ஏழு, ஆறு, அஞ்சு. ஒண்ணு ஏறிக்கினு போவுது, ஒண்ணு எறங்கிக்கினு போவுது."

"ஏன்டி அப்பிடி வருது?"

"வருதுல்ல? வுடு."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு கம்ப்யூட்டர் சர்வர் நின்றுபோனது. ஸ்கேனர் வேலை செய்யவில்லை. லாரி வந்து நின்றது. சலானில் 665 புஷ் என்று மட்டும் இருந்தது. லாரியில் ஏற்ற வேண்டிய பேலட் பலகையில் 34 ட்ரே. பேப்பரில் பெருக்கினேன், இரண்டு முறைக்கு இரண்டு விடை வந்தது.

"இன்னாக்கா, வெரலு பத்தலயா? என்னுதும் தரட்டா?" என்றார் லாரி டிரைவர். "லேட்டா போனா கஸ்டமர் கேட்டுல உள்ள வுடமாட்டான்."

அடுக்கைப் பார்த்தேன். பச்சை டேக்குகள் ஒரே மூலையில் வரிசையாக நின்றன. ஒவ்வொரு டேக்கும் ஒரு புஷ் இல்லாத இடம். டேக்கே இல்லையென்றால் முப்பத்து நாலு இருபது, அறுநூற்று எண்பது. டேக்குகளுக்காக முப்பத்து நாலைக் கழித்தால் அறுநூற்று நாற்பத்தாறு. ஸ்டெல்லா எழுதியதும் இதுதான். ட்ரே ஒன்று கூடினால் இருபது ஏறும், டேக்குக்காக ஒன்று இறங்கும்.

"சார், பத்தொம்போது கொறயுது. ஒரு ட்ரே."

தினகரன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "லைன்லருந்து சரியாத்தாம்மா வந்திருக்கும். லாரிய நிறுத்துறீங்க. தப்பா இருந்தா நான் சொன்னது சொன்னதுதான்."

"தெரியும் சார். கொறயுது."

அவரே உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு ட்ரே இருந்தது, பச்சை டேக்கோடு. காலையில் அளவு பார்க்க எடுத்தவர்கள் கேஜ் மேசையிலேயே விட்டிருந்தார்கள்.

"ஏத்துப்பா," என்றார் டிரைவரிடம். என் பக்கம் திரும்பி, "வாஷிங்குக்கு வேற ஆள் கேட்டுடறேன்," என்றார்.

டிரைவர் கதவைச் சாத்தினார். "என் வெரல நானே வெச்சிக்கிறேங்க்கா."

சாயங்காலம் பஸ்ஸில் ஸ்டெல்லாவிடம் டேக் விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணாடிப் புழுதியில் 18, 36, 54 என்று எழுதினாள்.

"அப்ப பதினெட்டாம் வாய்ப்பாட்டுக்கு ரெண்டு டேக்கு," என்றாள். என் நிறுத்தம் வருவதற்குள் அதையும் முடித்துவிட்டோம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாய்ப்பாடு எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மறந்துபோனாலும் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஸ்டோருக்குப் போய் என் ரப்பர் கையுறையைக் கவுன்ட்டரில் வைத்தேன்.

"கிழிஞ்சிடுச்சாக்கா? வேற தரவா?" என்றார் ஸ்டோர்காரர்.

"நல்லாத்தான் கீது," என்றேன். "எனக்கு வேணாம்."