நேசன் வீட்டில் இருந்த இரண்டாவது போத்தல்

சிவநேசன் இறந்துவிட்டார் என்ற செய்தியை அவருடைய மனைவி கமலியே தொலைபேசியில் சொன்னார். நான் கொழும்பில் கொட்டாஞ்சேனைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். "காலமை தேத்தண்ணி கேட்டவர், ரீற்றா. கொண்டுபோகேக்க ஆள் இல்லை" என்றார். கையிலிருந்த கத்தரிக்காயைத் திரும்ப வைத்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்குமுன் போய்விட்டாரே என்ற கோபம்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டதும் கமலிதான். நல்லதை மட்டும் எழுத என்னால் முடியாது என்றேன். தெரிந்ததை எழுதச் சொன்னார். ஆகவே நேசனோடு பழகியவர்கள் இதை வாசித்து வருந்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் வருத்தம்தான்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்தோம். வளர்ப்பு மீனுக்குத் தீனி செய்வதற்காகக் கடலிலுள்ள சூடை, நெத்தலி போன்ற சின்ன மீன்களை அள்ளி அரைப்பது நேசனுக்குப் பொறுக்காது. "மீனுக்குக் கொழுப்புச் சத்து எங்கயிருந்து வருது? பாசியிலயிருந்து. பிறகு நடுவில சூடை எதுக்கு? நேரா பாசியிட்டப் போவம்" என்பார். அப்படிப் போனபோதுதான் ஹெந்தளைக் கால்வாயில் அந்த நுண்பாசி கிடைத்தது. தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. பெருகினால் தண்ணீரே பச்சையாகிவிடும். கொழும்பு வெயிலுக்கும் சோரவில்லை, சத்தும் நிறைய இருந்தது. 'ஹெந்தளைப் பச்சை' என்று பெயர் வைத்தோம். துள்ளிக் குதித்தோம் என்று எழுதினால் எங்கள் வயதுக்குப் பொருந்தாது, ஆனால் குதித்தோம்.

ஆய்வுகூடம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டதும் பாசியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பாசி வளர்ப்பவர்கள் தாய்ப் போத்தலைப் பிரித்து, ஒன்றை இன்னொருவர் வீட்டில் வைப்பது வழக்கம். தயிருக்கு உறை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்பதுபோலத்தான். ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து எடுக்கலாம். "நம்பின ஆளின்ரை வீட்டில வையும். ரெண்டையும் ஒரே ஜன்னலில வைச்சா வைக்காததுக்குச் சமன்" என்று நேசன் சொல்வார். ஒரு போத்தல் கொட்டாஞ்சேனையில் என் மாடிவீட்டிலும், மற்றது வெள்ளவத்தையில் அவர் வீட்டிலும் இருந்தன.

மட்டக்குளியில் வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டி கட்டித் திலாப்பியா வளர்த்த அந்தோனிதான் எங்கள் தீனியை முதலில் நம்பியவர். போத்தலிலிருந்து எடுத்து வாளிகளில் பெருக்கிய பாசியைக் காயவைத்து, தவிட்டோடும் சோயாவோடும் பிசைந்து கொண்டுபோனோம். மீன்கள் கிட்ட வந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. நேசன் தொட்டியருகே குந்தியிருந்து, "தின்னடா ராசா, இது உன்ரை பாட்டன் திண்ட சாப்பாடு" என்று கெஞ்சினார். அந்தோனி சிரித்துச் சிரித்து நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சில நாளில் மீன்கள் தின்னப் பழகின, நன்றாக வளரவும் தொடங்கின. அந்தோனி வெளியில் தீனி வாங்குவதை நிறுத்திவிட்டு எங்களையே நம்பினார்.

மின்வெட்டுக் காலத்தில் பாசிக்குக் காற்றடிக்கும் பம்பி நின்று நின்று, என் போத்தலும் வாளிகளும் மஞ்சளாகி நாறிப்போயின. எரிபொருள் இல்லாததால் பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை. பாதித் தூரம் நடந்தே வெள்ளவத்தைக்குப் போனேன். நேசன் கதவைத் திறந்தார். நான் கேட்குமுன்பே, "என்ரையும் செத்துப்போச்சு, ரீற்றா. நேற்றுத்தான் ஊத்தினனான்" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். தேத்தண்ணி போட்டுத் தந்து, மனதை விட வேண்டாம் என்றார். அவருக்கும் இழப்புத்தானே என்று நானும் அவரைத் தேற்றினேன். இப்போதும் கோபம் வருவது அதை நினைத்துத்தான்.

ஹெந்தளையில் மறுபடி தேடியும் அந்தப் பாசி அகப்படவில்லை. தீனி இல்லை என்று அந்தோனியிடம் போய்ச் சொன்னது நான் மட்டும்தான், நேசன் வரவில்லை. அந்தோனி ஒன்றும் ஏசவில்லை. அடுத்த முறை போனபோது தொட்டிக்குள் விறகு அடுக்கியிருந்தது.

பிறகு ஒருநாள், கொழும்பில் நடந்த கண்காட்சியொன்றில் இறால் பண்ணைகளுக்குத் தீனி செய்யும் ஒரு கம்பனி, உயரமான கண்ணாடிக் குழாய்களில் பச்சைத் தண்ணீர் வைத்திருந்தது. என்ன பாசி என்று கேட்டேன். அங்கே நின்ற பிள்ளை 'ஹெந்தளைப் பச்சை' என்றாள். தங்கள் ஆலோசகர் மிஸ்டர் சிவநேசன் தந்தது என்று பெருமையாகவும் சொன்னாள்.

அங்கிருந்து நேரே வெள்ளவத்தைக்குப் போனேன். நேசன் மறுக்கவில்லை. வேறு எவரிடமும் அந்தப் பாசி இருக்கக்கூடாது என்று கம்பனி கேட்டதாம், அவரும் ஒப்புக்கொண்டாராம். என்னுடையது தானாகவே செத்தது அவருக்கு வசதியாகிவிட்டது.

"நீர் அழுத அண்டைக்கு என்ரை போத்தல் அறைக்குள்ளதான் இருந்தது" என்றார். "உம்மட்ட இருந்தா போத்தலுக்குள்ளயே இருந்திருக்கும், ரீற்றா. அவையள் தொட்டி தொட்டியா வளக்கினம். எவ்வளவு சூடை தப்புது எண்டு யோசியும்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீர் விட்டிருக்க மாட்டீர்."

உண்மைதான், விட்டிருக்க மாட்டேன். அந்தோனிக்குக் கிடைக்காத தீனிக்காக நான் ஏன் விட வேண்டும்? சூடைகள் தப்பியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. என்னை ஏமாற்றித்தான் அவற்றைக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

செத்த வீட்டுக்குத்தான் மறுபடி ஏறினேன். நேசனைப் போல நேர்மையான மனிதரைக் காண முடியாது என்று யாரோ சொன்னபோது எழுந்து குசினிக்குப் போனேன். பாத்திரம் கழுவுமிடத்து ஜன்னலில் ஒரு போத்தல் பச்சையாக இருந்தது. கம்பனிக்கும் சொல்லாமல் வைத்திருந்தார் போலும். "ஒவ்வொரு நாளும் குலுக்கச் சொன்னவர். இனி ஆருக்கு? ஊத்திவிடவா?" என்று பின்னால் வந்த கமலி கேட்டார். நான் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நேசனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். தொட்டியருகே மீன்களைக் கெஞ்சிய அந்தக் குரலும் இருக்கிறது; அதை மறக்கப் பார்த்தேன், முடியவில்லை. பாசியை அவர் சொன்னபடியே இரண்டு போத்தலாகப் பிரித்தேன். அந்தோனி தொட்டியிலிருந்த விறகை எடுத்துவிட்டார். "மத்தப் போத்தல நான் வச்சிருக்கவா மிஸ்?" என்று ஒருநாள் கேட்டார். நல்ல மனிதர். என்னை ஒருபோதும் ஏமாற்றியவர் அல்ல. பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு போத்தலும் இன்னும் என் ஜன்னலில்தான் இருக்கின்றன.