பிடியரிசிப் பாலம்

ஒரு பிடி அரிசி என்றால் எவ்வளவு? பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கும் வட்டிக் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது.

இன்று காலை என் மகள் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். ஒன்றேகால் வயது. எடுத்த கையை இறுக மூடிக்கொண்டு, பெரிய கொள்ளை அடித்தவள் போல என்னைப் பார்த்தாள். விரித்தால் எட்டோ ஒன்பதோ அரிசிமணி. ஒன்பதாவது மணி இருந்ததா, இருந்தால் எங்கே போயிற்று, மூக்கிலா காதிலா என்று விளக்கை வைத்துப் பார்த்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. நெய்யூர் ஆசுபத்திரிக்குப் போவோமா என்று என் கணவரிடம் கேட்டேன். "உள்ள போயிருந்தா சோறுதானே" என்று சொல்லிவிட்டு அவர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். சோறுதான். ஆனால் வேகாத சோறு அல்லவா?

குழந்தையின் உள்ளங்கையில் தவிட்டு வாசனை ஒட்டியிருந்தது. அதை முகர்ந்ததும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பின்னறையில், உடைந்த கரும்பலகைக்குப் பக்கத்தில் கிடந்த பத்தாயத்தின் முன்னால் போய் நின்றேன். நெல் போட்டு வைக்கிற அந்த மரப்பெட்டியை ஒரு வீட்டார் இரவல் கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முந்தின கதையைப் பழங்கதை போலச் சொல்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, எதற்கும் இவ்வளவு பயமும் இல்லை. அதனால் வெகுதூரமாகத் தோன்றுகிறது.

எங்கள் ஊருக்கும் பஸ் போகிற ரோட்டுக்கும் நடுவில் ஒரு சானல், வயலுக்குத் தண்ணீர் போகிற கால்வாய். அதன்மேல் இரண்டு தென்னந்தடிகள். மனிதர்கள் அதில் நடப்போம். வண்டிகள் இரண்டு மைல் சுற்றி வரும். ஐப்பசி மழையில் தடிகள் முங்கிவிட்டால், பிரசவத்துக்குப் போகிறவளையும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அந்த இரண்டு மைலைத்தான் சுற்றவேண்டும். அப்போது அதை ஒரு செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

அப்போது எங்களுக்குச் சர்க்கார் திருவனந்தபுரத்தில். ஒருநாள் மராமத்து ஓவர்சியர் வந்து சானலைச் சங்கிலி போட்டு அளந்தார். "பாதி நிங்ஙள் இட்டால் பாதி சர்க்கார் இடும். மார்ச்சு கழிஞ்ஞா பின்னெ என்னைக் குற்றம் பறயண்டா" என்றார். மார்ச்சுக்குள் ஊர் தன் பாதிப் பணத்தைக் கட்டாவிட்டால் அந்த அனுமதி வேறொரு ஊருக்குப் போய்விடும் என்று அர்த்தம். ஆண்கள் ஆலமரத்தடியில் மூன்று தடவை கூடினார்கள். பாலத்துக்கு யார் பெயரை வைப்பது என்பது வரைக்கும் முடிவாயிற்று. பாதியை எங்கிருந்து எடுப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை.

பிடியரிசி போடலாம் என்று சொன்னவள் தாயம்மக்கா. ஆறு பிள்ளை பெற்றவள். சுளகு போலக் கை, அதைவிட அகலமான வாய். உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிச்சட்டியில் போட்டு வைப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. கோவிலுக்கும் மாதாகோவிலுக்கும் அப்படிச் சேர்ப்பார்கள். பாலத்துக்குச் சேர்த்தவர்கள் நாங்களாகத்தான் இருக்கும். சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய் வாங்கும் பொறுப்பு, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் எனக்கு வந்தது.

முதல் சனிக்கிழமையே சண்டை. புதுப்பெண் பகவதியின் சட்டியைத் தாயம்மக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது பிடியா, நுள்ளா? பத்து மணி அரிசி நிக்குமா உனக்க கையில?"

"அக்காக்கு கை பெரிசு, செரி. விரலுக்கு எடையில சந்தும் பெரிசுல்லா. பாதி கீழதான் போவுது."

நான் நடுவில் புகுந்து, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் சிரட்டை கொடுத்துவிடலாம் என்றேன். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த இருவரும் ஒன்றாகச் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"அளந்து வாங்குனா அது வரியாக்கும் டீச்சரே" என்றாள் தாயம்மக்கா. "கையால எடுத்து வச்சாத்தான் நேர்ச்ச."

சரி, கையாலேயே நடந்தது. ஆனால் சட்டிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு கவலை பிடித்தது. வசதியான வீட்டில் சிவந்த கட்டிச்சம்பா புழுங்கல். நடுத்தரத்தில் வெள்ளைப் பச்சரிசி. இல்லாத வீட்டில் ரேஷன் கடை அரிசியும் குறுநொய்யும். யார் என்ன போட்டார்கள் என்று தெரிந்தால் யாருக்காவது குறைச்சலாகிவிடுமே. அதனால் எல்லாவற்றையும் பத்தாயத்தில் ஒன்றாகக் கொட்டி, முழங்கை வரை கையை விட்டு நன்றாகக் கலந்தும் விட்டேன். ஆறு மாதம், ஒரு வாரம் தவறாமல். இந்த நியாயத்தை நினைத்து எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தை மாதக் கடைசியில் கோட்டாற்றிலிருந்து அரிசி வியாபாரி மைதீன் காக்கா வந்தார். ஒரு கை அள்ளினார், ஊதினார், வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"டீச்சரே, இதுல எத்தன ஊருக்க அரிசி கெடக்கு?"

"ஒரே ஊருதான் காக்கா."

"ஊரு ஒண்ணுதான். பானை ஒண்ணில்லியே. பச்சரிசி கொழஞ்சு கஞ்சியாவும்போ சம்பா கல்லு போல கெடக்கும். இத நான் வித்தா, வாங்குனவன் பானையோட கடைக்கு வருவான்." அரிசியை நோகாமல் பத்தாயத்திலேயே திரும்பப் போட்டார். "கோழித்தீனிக்குன்னா எடுக்கலாம். அந்த வெலதான் தர முடியும்."

அம்மாவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. "நீ ஒருநாளாவது உலை வச்சிருந்தா இது தெரிஞ்சிருக்கும் மக்கா" என்றாள். உண்மை. இருபத்திரண்டு வயது வரைக்கும் நான் சோற்றைச் சாப்பிடத்தான் செய்திருந்தேன்.

மார்ச் முடிய ஒன்றரை மாதம்தான் இருந்தது. பெண்களெல்லாம் சுளகோடு வந்து உட்கார்ந்து சிவப்பையும் வெள்ளையையும் தனித்தனியாகப் பொறுக்கினோம். மத்தியானம் முழுக்கப் பொறுக்கியதில் ஒரு நாழிகூடத் தேறவில்லை. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. யாராவது திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

"இத பொறுக்கி முடிக்கும்போ டீச்சருக்க பேத்திக்கு கல்யாணமாயிரும்" என்றாள் பகவதி.

"மொதல்ல டீச்சருக்கு ஆவட்டு" என்றாள் தாயம்மக்கா. பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கை அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே யோசித்தாள். "இந்த சவத்து அரிசிய வறுத்து இடிப்பமா? இடிச்சா எது பச்ச, எது சம்பான்னு எவன் கண்டான்?"

அப்படித்தான் எங்கள் ஊர் அரிசி பொரிவிளங்காய் ஆயிற்று. வறுத்து, இடித்து, சுக்குத் தட்டிப் போட்டு, கருப்பட்டிப் பாகில் உருட்டினோம். கருப்பட்டி பனையேறுகிற வீடுகளிலிருந்து வந்தது. பாகு ஒரு கம்பி முறுகிவிட்டதால் உருண்டைகள் கொஞ்சம் கடினம். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். ஒன்று கைதவறி விழுந்தபோது பள்ளிக்கூடத் தரையில்தான் சில்லு பெயர்ந்தது.

மண்டைக்காட்டு அம்மன் கோவில் மாசிக் கொடைத் திருவிழாவுக்குப் பெட்டி பெட்டியாகச் சுமந்துகொண்டு போனோம். எனக்குக் கூவி விற்கத் தெரியாது. ஆஜர் கூப்பிடுகிற குரலில், "பொரிவிளங்காய், ஊர்ப் பாலத்துக்காகப் பொரிவிளங்காய்" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்; பாதி சர்க்கார் போடும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். முதலில் வாங்கிய மனிதர் கடித்துப் பார்த்தார், பிறகு வேறு பக்கத்துப் பல்லால் கடித்துப் பார்த்தார்.

"பாலத்துக்கு சர்க்கார் பாதி போடும்னியளே டீச்சரே, பல்லுக்கும் பாதி போடுமா?"

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் வாங்கினார்கள். கெட்டுப்போகாது, கல் போல இருக்கும், தூரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று தாயம்மக்கா அதையே பெருமையாகச் சொல்லி விற்றாள். மூன்றாம் நாள் பெட்டிகள் காலி. மார்ச் முடிய மூன்று நாள் இருக்கும்போது நாகர்கோவில் மராமத்து ஆபீசில் ஊர்ப்பங்கைக் கட்டினோம். குமாஸ்தா மலையாளத்தில் எழுதி, சர்க்காரின் சங்கு முத்திரை குத்தி ஒரு ரசீது கொடுத்தார். பத்திரமாக வைப்பாள் என்று எல்லோரும் அதை என்னிடமே கொடுத்தார்கள். ஒரு தடவை தப்பு செய்தவள் மறுதடவை செய்யமாட்டாள் என்ற நம்பிக்கை போலும்.

எங்கள் பாதி தீருகிற மட்டும் வேலை நடந்தது. கரைக்கு ஒன்றாக இரண்டு கருங்கல் தூண்கள் எழும்பின. மறுபாதிக்கு எழுதிக் கேட்டோம். ஆலோசனையில் இருப்பதாகப் பதில் வந்தது. எனக்குக் கல்யாணமாயிற்று, நாகர்கோவிலுக்கு வந்தேன், குழந்தை பிறந்தது. போன மாதம் முதல் தேதி எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தெருவெல்லாம் தோரணம், மிட்டாய். நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அன்று எனக்கு ரசீது ஞாபகம் வரவில்லை.

சென்ற வாரம் ஊருக்குப் போனபோதுதான் வந்தது. பழைய தென்னந்தடிகளைத் தூக்கிப் புதுத் தூண்களின் மேல் போட்டிருக்கிறார்கள். முன்பு விழுந்தால் இடுப்பளவு. இப்போது இரண்டாள் உயரம். நான் குழந்தையோடு ரோட்டுக் கரையிலேயே நின்றுவிட்டேன். வண்டி பிடித்துச் சுற்றி வருகிறேன் என்று கூப்பிட்டுச் சொன்னேன். ஊர்க்கரையில் நின்ற தாயம்மக்கா தடிமேல் விறுவிறுவென்று வந்து, கேட்காமலேயே குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இருவரும் எதிர்க்கரையில் இருந்தார்கள். நான்தான் இன்னும் இந்தப் பக்கம்.

"ஏட்டி டீச்சரே, நம்ம பாதி இந்தா நிக்கி" என்று அங்கிருந்தே கேட்டாள். "மத்த பாதி எங்க?"

எங்கள் பணத்தை வாங்கிய சர்க்கார் இப்போது இல்லை. ஓவர்சியர் களியக்காவிளை எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விட்டாராம். அந்த ஆபீசின் போர்டில் எழுத்து மாறிவிட்டது. சங்கு முத்திரையை இனி யாரும் குத்தமாட்டார்கள். எங்கள் பாலத்தின் காகிதம் திருவனந்தபுரத்தில் தங்கிவிட்டதா, சென்னைக்கு ரயிலேறியதா என்று கேட்டால் இரண்டு இடத்துக்காரர்களும் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டுகிறார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். மனுவை எந்த ஊருக்கு அனுப்புவது? தமிழில் எழுதினால் அங்கே புரியுமா, மலையாளத்தில் எழுதினால் இங்கே கோபிப்பார்களா, இங்கிலீஷில் எழுதினால் இரண்டு பேரும் படிப்பார்களா? ரசீதின் அசலையே வைத்து அனுப்பலாமா, நகல் போதுமா? நகலை நம்புவார்களோ என்று ஒரு பயம். அசல் தபாலில் தொலைந்துவிட்டால், நாங்கள் எங்கள் பங்கைக் கொடுத்தோம் என்பதற்குச் சானலின் இரண்டு கரைகளிலும் நிற்கிற அந்தத் தூண்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவற்றை உறையில் போட்டு அனுப்பவும் முடியாது.