பசையில் நின்ற கண்ணாடிக் கதவு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். பக்கத்தில் நிற்கும் சேகர் லீவு நாளில் கண்ணாடி வேலைக்கும் போவான். எங்கள் குளியலறை ஷவருக்குக் கண்ணாடிக் கதவு மாட்ட அவனைத்தான் நம்பிக் கூப்பிட்டேன். "போல்ட் எல்லாம் சுவத்துல நல்லா இறங்கிடுச்சு மச்சான், ஆடவே ஆடாது" என்றான்.

குளிர்காலம் வந்தது. வெந்நீரில் குளித்துவிட்டு என் மனைவி கதவைத் திறந்ததும் அது கீலோடு பெயர்ந்து விழுந்து நொறுங்கியது. பின்னால் துள்ளியதால் காலில் கீறலோடு தப்பினாள். பார்த்தால் சுவரில் துளையே இல்லை. போல்ட்டின் தலையை மட்டும் வெட்டி வைத்து, கீலை எங்கள் கம்பெனிப் பசையால் ஒட்டியிருந்தான்.

மறுநாள் கம்பெனியில் சேகரைக் கேட்டேன். "டைல்ஸ் உடைஞ்சா பேஜாராயிடும்னுதான் ஒட்டுனேன். இன்னா இப்போ, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றான்.

தப்பாக ஒட்டிய ஷூ அடிப்பாகத்தைச் சூடு காட்டிப் பிரிப்பது எங்கள் இருவரின் தினசரி வேலை. வெந்நீர் ஆவியில் அந்தப் பசை இளகும் என்று அவனுக்கா தெரியாது?

புதுக் கதவை வேறு ஆள் மாட்டினார். துளை போட்டு போல்ட் முறுக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். மாதாமாதம் நானே ஆட்டிப் பார்த்து முறுக்குகிறேன். கம்பெனியில் இன்னும் சேகர் பக்கத்தில்தான் நிற்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுகிறேன்.