நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துத் திருத்தம்

இதில் ஒரு எழுத்துகூடக் கற்பனை இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவள் இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் யாரைப் பயமுறுத்தி நான் என்ன வாங்கப் போகிறேன்?

இரண்டு அறை, ஒரு இரும்பு ஷட்டர். அதுதான் எங்கள் பதிப்பகம். நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஆரம்பித்தது. அவள் போய் இரண்டு வருடமாகிறது. எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அச்சுக்குப் போகுமுன் புத்தகம் முழுவதையும் நான் சத்தமாக வாசிப்பேன். அவள் கையில் தாளோடு உட்கார்ந்து, வரி சரியாக இருந்தால் "ம்" என்பாள். தவறு இருந்தால் "தப்பு" என்று சொல்லமாட்டாள். சரியான வார்த்தையை மட்டும் சொல்வாள். அவ்வளவுதான்.

அவளுக்குப் பிறகு அந்த வேலை என் அண்ணிக்கு வந்தது. போனில்தான். தாள்கட்டு அவள் வீட்டில், நான் இங்கே கணினி முன்னால். அண்ணிக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாவலுக்கு நடுவில் இப்படிக் கேட்டாள்:

"ஏன் நாத்தனாரே, இந்த ஆளு மூணு பக்கமா செருப்பு மாட்டிட்டே இருக்கான். எப்பத்தான் கிளம்புவான்?"

இது நடந்த அன்று வாசித்தது என் சொந்தப் புத்தகம். கூட்டாளியைப் பற்றியது. ஆறு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

அதில் ஒரே ஒரு பொய் இருந்தது.

அவளுடைய கடைசி நாள். அதற்கு முந்தின நாள் எங்களுக்குள் பெரிய சண்டை. மதியம் மூன்று பத்துக்கு ஷட்டரை மூன்று தடவை தட்டினாள். மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுவலியோடு வந்தவள்... படியிலேயே முடிந்துபோனாள். "எனக்குக் கேட்கவில்லை" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அண்ணிக்கு மட்டும் சந்தேகம். "பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்டிருக்கு. உனக்குக் கேக்கலையாக்கும்?" என்று ஒருமுறை கேட்டாள். அதனால் அந்தப் பொய் இருந்த 112ஆம் பக்கத்தை மட்டும் அவளுக்கு அனுப்பவில்லை. தாண்டிப் போய்விடலாம் என்று திட்டம்.

பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கினோம். ஸ்பீக்கரில் அண்ணியின் கிண்டல், அவள் வீட்டு குக்கர் விசில், பேரனின் கத்தல் எல்லாம் கேட்டது. எழுபதாம் பக்கம் தாண்டியதும் எல்லாம் அடங்கிவிட்டது. "ம்" மட்டும் வந்தது.

"கோவமா அண்ணி?"

"ம்."

எதையோ மனதில் வைத்துக்கொண்டு என்னை நோட்டம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். போகப் போக, நான் வரியை முடிப்பதற்குள்ளேயே "ம்" வந்தது. தெரிந்த கதையைக் கேட்பதுபோல.

111 முடிந்தது. மணி மூன்று ஒன்பது.

"அடுத்த பக்கம் வேணாம் அண்ணி. 113 எடுங்க."

திரையை 113க்கு நகர்த்தினேன்.

"அண்ணி?"

"வாசி."

112க்கே திரும்பினேன். வாசித்தேன். 'அவள் ஷட்டரைத் தட்டியது எனக்குக் கேட்கவில்லை.'

"ம்" வரவில்லை...

மின்விசிறிச் சத்தம் மட்டும்.

பிறகு, மெதுவாக...

"கேட்டுச்சு."

போன் என் வலப்பக்கம் இருந்தது.

குரல் வந்தது இடப்பக்கம்.

ஷட்டர் பக்கம்.

போனை எடுத்தேன். திரை கறுப்பு. திறந்து பார்த்தால், அழைப்பு 2:11க்கே துண்டிக்கப்பட்டிருந்தது.

அண்ணியைக் கூப்பிட்டேன். "எங்கடி போய்த் தொலஞ்ச? எழுபத்தோராம் பக்கத்துலயே லைன் போச்சு. எத்தன தடவ கூப்பிடுறது, ரிங்கே போகல!"

போனை வைத்துவிட்டேன். ஊர் முழுக்கச் சொன்ன பொய்யை ஒரு குரலுக்குப் பயந்து மாற்ற மனம் வரவில்லை. ஐந்து ஐம்பதுக்குப் புத்தகத்தை அப்படியே அனுப்பினேன். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

எட்டாம் நாள் கட்டுகள் வந்தன. முதல் பிரதியை எடுத்து 112ஐத் திறந்தேன்.

'அவள் ஷட்டரைத் தட்டியது எனக்குக் கேட்டது.'

இன்னொன்றைப் பிரித்தேன். இன்னொன்று... முந்நூறிலும் அதேதான்.

அண்ணி வேலைதான் என்று பட்டது. அச்சகக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன். "யாரு சொல்லி மாத்துனீங்க?"

"என்னம்மா இது? நீங்கதானே போன் பண்ணுனீங்க? அன்னிக்கி ஆறு பத்துக்கு, உங்க பதிப்பக லேண்ட்லைன் நம்பர்லருந்து. உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

ஆறு பத்துக்கு நான் பஸ்ஸில் இருந்தேன். சாவி என் பையில்.

"நான்... என்ன சொன்னேன்?"

"அந்தப் பக்கத்த வரி வரியா வாசிச்சீங்க. ஒரு வார்த்தைய மட்டும் மாத்தச் சொன்னீங்க. ஆமா, உங்க பக்கத்துல யாரும்மா அது? நீங்க ஒவ்வொரு வரி முடிக்கிறப்பவும் 'ம்... ம்...'னுட்டே இருந்தாங்களே?"