ஆஞ்சலா மேஜைக்குப் பின்னால் ஒரு நீலச் சுவர்

ரெமிஜியஸ் முன்கோபக்காரர். பெங்களூர் பிரேசர் டவுனில் பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் அவரிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். அந்த மனிதர் ஒரு சுவருக்குப் பயந்து சோறு இறங்காமல் கிடந்தார் என்றால் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரனான எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மகள் ஆஞ்சலா ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேஜைக்குப் பின்னால் ஜிப்சம் போர்டில் தடுப்புச் சுவர் வைத்தபோது, தெரிந்த பெயின்டர் ஒருவர் இருக்கிறார் என்று மேனேஜர் சுதீரிடம் அவள்தான் சொன்னாள். அப்பா என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று ரெமிஜியஸே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலை நடந்த நாட்களில் அவரைப் 'பெயின்டரே' என்றுதான் கூப்பிட்டாளாம்.

கிளினிக் திறப்பு விழாவை ஜோசியர் திடீரென்று முன்னுக்கு இழுத்துவிட்டார். பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்த்த ரெமிஜியஸ், தூளைத் துடைக்கவில்லை, பிரைமரும் அடிக்கவில்லை. தூளின் மேல் பெயின்ட் பிடிக்காது என்று தெரிந்தும், அவசரத்தில் நேராக நீலத்தை ஏற்றிவிட்டார். இதே காரியத்தை வேறு யாராவது செய்திருந்தால் தெருவே கேட்கத் திட்டியிருப்பார்.

கொஞ்ச நாளில் மூலையில் ஒரு கொப்புளம் கிளம்பியது. ஆஞ்சலா அதன்மேல் காலண்டரை மாட்டினாள். அன்றிலிருந்து அவள் வீடு திரும்பும்போதெல்லாம் ரெமிஜியஸ் பயத்தோடு அவள் முகத்தைப் பார்ப்பார்.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டர் முதல் பல் பிடுங்கும் நாற்காலி வரை குங்குமம் வைத்தார்களாம். சுவர் முழுக்க சாமந்திச் சரமும் ஜிகினாத் தாளும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று ஆஞ்சலா தன் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டதும் ரெமிஜியஸ் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். ஒட்டியது போகட்டும், பிரிக்கும்போது டேப்போடு பெயின்ட்டும் வந்துவிடுமே.

விடுமுறை முடிந்து கிளினிக் திறக்கும் காலையில், தானே மெதுவாகப் பிரித்துவிடலாம் என்று என் ஸ்கூட்டரில் ஏறினார்.

"என்னால அந்தப் பொண்ணு வேலை பூடும்ப்பா" என்றார்.

நாங்கள் போவதற்குள் யாரோ டேப்பை இழுத்துவிட்டார்கள். நீலம் வாழைப்பட்டை மாதிரி உரிந்து தொங்கியது. உள்ளே வெள்ளைத் தூள். இந்தப் பெயின்டர் யார், எங்கே பிடித்தாய் என்று சுதீர் ஆஞ்சலாவிடம் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். ரெமிஜியஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆஞ்சலா அவரைப் பார்த்துவிட்டாள். சொல்லாதே என்று தலையை ஆட்டினார்.

"அவரு நம்ம அப்பா, சார்" என்றாள் அவள்.

சுதீர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் சுவரைச் சரி செய்யட்டும், உன் விஷயத்தை அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரெமிஜியஸ் மிச்ச நீலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். தூளெல்லாம் போய்விட்டது, போதும் என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

காத்திருந்த நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஆஞ்சலா எழுந்து வந்து துணியை வாங்கி அலசிக் கொடுத்தாள்.

"இன்னொரு வாட்டி தொடைங்க, அப்பா" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.